ஒரே நாள், ஒரே அவை, இரண்டு நியாயமா? ஜெனீவாவில் சீனா தப்பிய கதை

வணக்கம். 2022 அக்டோபர் 6 அன்று ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் நடந்த இரண்டு வாக்கெடுப்புகளைப் பார்ப்போம். இலங்கை குறித்த தீர்மானம், ஆதரவு 20, எதிர்ப்பு 7, நடுநிலை 20 என நிறைவேறியது. சீனாவின் சின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்களின் நிலை பற்றி விவாதிக்கலாமா என்ற கேள்வியோ, ஆதரவு 17, எதிர்ப்பு 19, நடுநிலை 11 எனத் தோற்றது. கண்டிக்கும்படி யாரும் கேட்கவில்லை. பேசலாமா என்றுதான் கேட்டார்கள்.

பின்னணி சுருக்கமாக: 2006இல் தொடங்கிய இப்பேரவையில் 47 இடங்கள். ஆப்பிரிக்காவுக்கும் ஆசிய-பசிபிக் பகுதிக்கும் தலா 13. வீட்டோ, அதாவது ஒரே நாடு தீர்மானத்தைத் தடுத்துவிடும் அதிகாரம், யாருக்கும் இல்லை.

அப்படியானால் வல்லரசு எப்படி வெல்கிறது? கிருஷ்ணகிரிப் பக்கத்து மாட்டுச் சந்தையில் தரகரும் விற்பவரும் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்தே விலை பேசுவதைக் கண்டிருப்பீர்கள். சுற்றி நிற்பவர்கள் துண்டு அசைவதைப் பார்க்கலாம், விலையைப் பார்க்க முடியாது. ஜெனீவாவிலும் திரையில் எண்கள் தெரிவதற்கு முன்பே, நாடுகளின் தலைநகரங்களில் பேச்சு முடிந்துவிடுகிறது. உய்குர்களும் முஸ்லிம்கள்தாம், ஆயினும் பாகிஸ்தான், இந்தோனேசியா, கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவை விவாதமே வேண்டாம் என்றன, மலேசியா நடுநிலை வகித்தது. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் உறுப்பு நாடுகளில் ஆதரவாகக் கை தூக்கியது சோமாலியா ஒன்றுதான். நீண்ட உள்நாட்டுப் போரிலிருந்து இன்னும் முழுதாக மீளாத அந்த ஏழை நாட்டின் துணிவை நான் மனதார மதிக்கிறேன்.

நடுநிலை எண்ணை மட்டும் மறுபடி பாருங்கள். வித்தியாசம் வெறும் 2 வாக்கு. ஒதுங்கி நின்றவர்கள் 11 பேர். அவர்களில் மூவர் ஆதரித்திருந்தால் விவாதம் நடந்திருக்கும். அந்தப் பதினொருவரில் இந்தியாவும் ஒன்று.

தன் பிராந்திய அணியை ஒரு நாடு மீறவே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. 2012 மார்ச்சில் இலங்கை மீதான தீர்மானம் வந்தபோது, ஆசியப் பிரிவின் 13 நாடுகளில் 9 எதிர்த்தன, 3 நடுநிலை வகித்தன, ஆதரித்த ஒரே நாடு இந்தியா. தமிழ்நாட்டில் எழுந்த குரலுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. 2014இல், சர்வதேச விசாரணை மிகையான தலையீடு என்று காரணம் கூறி அதே இந்தியா ஒதுங்கிக்கொண்டது. அந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மறுவாழ்வு முகாம்களில் இலங்கை உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்த குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. 2021இலும் 2022இலும் டெல்லி நடுநிலைதான் வகித்தது.