போனி அண்ட் க்ளைட்: சிரித்துக்கொண்டிருக்கும்போதே பாய்ந்த குண்டு

வணக்கம் மக்களே! 1967-இல் வந்த ‘போனி அண்ட் க்ளைட்’ பற்றிப் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாகவே ஆசை. ஆர்தர் பென் இயக்கியது. வாரன் பேட்டிதான் க்ளைட், தயாரிப்பாளரும் அவரே. போனியாக ஃபே டனவே. 1930-களில், அமெரிக்காவே வேலையில்லாமல் தவித்த காலத்தில், வங்கிகளைக் கொள்ளையடித்துக்கொண்டு ஊர் ஊராக ஓடிய நிஜ ஜோடியின் கதை. கதை தெரிந்ததுதான், நான் பேச வந்தது அதில் வரும் துப்பாக்கிச் சூட்டைப் பற்றி.

அதற்கு முன்னால் ஹாலிவுட்டில் எப்படி எடுப்பார்கள்? ஒருவர் சுடுவார், கட், அடுத்த ஷாட்டில் இன்னொருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார், சட்டையில் ரத்தமே இருக்காது. தணிக்கைக் கட்டுப்பாடு அப்படி. பென் அதை வேண்டுமென்றே உடைத்தார்.

அந்த வங்கிக் காட்சியைப் பாருங்கள். கார் ஓட்டும் பையன் சி.டபிள்யூ., உள்ளே கொள்ளை நடந்துகொண்டிருக்கும்போது, வாசலிலேயே நிற்காமல் இடம் கிடைத்ததே என்று இரண்டு வண்டிகளுக்கு நடுவே அழகாகப் பார்க் பண்ணிவிடுகிறான். இவர்கள் வெளியே ஓடிவந்தால் காரை எடுக்க முடியவில்லை, முன்னே இடிக்கிறது, பின்னே இடிக்கிறது, நமக்கோ சிரிப்பு. அதற்குள் வங்கிக்காரர் ஒருவர் ஓடிவந்து காரின் பக்கப் படியில் தொற்றிக்கொள்ள, க்ளைட் பதறிப்போய்ச் சுடுகிறான். கண்ணாடி நொறுங்குகிறது, அதற்கு அந்தப் பக்கம் ரத்தம் வழியும் முகம். நம் சிரிப்பு பாதியிலேயே செத்துப்போகிறது. அடுத்து மூவரும் ஒரு தியேட்டரில் ஒளிந்திருக்க, திரையில் ஜாலியான பாட்டு ஓடுகிறது, க்ளைட் மட்டும் அந்தக் கொலையை நினைத்து சி.டபிள்யூ.வைத் திட்டித் தீர்க்கிறான். என்னைக் கேட்டால் மாற்றம் இங்கேதான். ரத்தம் எவ்வளவு என்பது பெரிதில்லை, சுட்டவனாலேயே அதைத் தாங்க முடியவில்லை பாருங்கள்!

அப்புறம் கிளைமாக்ஸ். நிஜத்தில் 1934 மே 23 அன்று லூசியானாவில் போலீஸ் மறைந்திருந்து சுட்ட சம்பவம் அது. பென் நான்கு கேமராக்களை வைத்து ஒவ்வொன்றையும் வெவ்வேறு வேகத்தில் ஓடவிட்டார். நடிகர்களின் உடைக்குள் சின்னச் சின்ன வெடிகள். எடிட்டர் டீடி ஆலன் அதையெல்லாம் மெதுவும் வேகமுமாகக் கோத்திருக்கிறார். க்ளைட் ஒரு நடனம்போல உருண்டு விழுகிறான், போனி காருக்குள்ளேயே துடிக்கிறாள். க்ளைட்டின் தலையிலிருந்து ஒரு துண்டு தெறிப்பதுகூட கென்னடி கொலையை மனதில் வைத்து எடுத்ததுதான். ஆனால் குண்டு பாய்வதற்கு முந்தின நொடியில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களே, அந்தப் பார்வை இல்லையென்றால் மற்றதெல்லாம் வெறும் வித்தை.

அன்றைக்கு விமர்சகர்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. நியூயார்க் டைம்ஸின் பாஸ்லி க்ரவுதர் படத்தைக் கிழித்தார், பாலின் கேல் நியூயார்க்கரில் விரிவாக எழுதித் தூக்கிப் பிடித்தார், நியூஸ்வீக்கின் ஜோ மார்கன்ஸ்டர்ன் முதலில் திட்டிவிட்டு அடுத்த வாரமே தன் கருத்தை மாற்றி எழுதினார். கடைசியில் 10 ஆஸ்கர் பரிந்துரை, 2 விருது. 1968-இல் பழைய தணிக்கை முறையே போய், வயது வாரியான தரச்சான்று வந்தது. அதற்கு இந்த ஒரு படம் மட்டும் காரணமில்லை, ஆனால் இதற்கும் பங்கு உண்டு.

1969-இல் சாம் பெக்கின்பா ‘தி வைல்ட் பஞ்ச்’ படத்தில் இதே உத்தியை இன்னும் பல மடங்கு கொண்டுபோனார். அதற்கு ஒரு தனி வீடியோ போடுகிறேன், அதற்குள் இந்தப் படத்தைப் பார்த்துவிடுங்கள்.