இலைக்குள் எண்ணெய் எங்கே இருக்கிறது?

கோணேசர் கோவிலுக்கு வில்வம் கொண்டுபோகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அடுத்த தடவை ஒரு இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் ஊடுருவும் பொடிப் பொடிப் புள்ளிகள் தெரியும். கறிவேப்பிலையிலும் தேசி இலையிலும் அப்படித்தான், மூன்றும் ஒரே குடும்பம். அவை ஓட்டைகள் இல்லை, எண்ணெய் நிறைந்த குழிகள்.

கறுவாவின் கதை வேறு. அதன் இலையில் பச்சைக் கலங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பெரிய கலங்கள் இருக்கின்றன. எண்ணெய் வைத்திருப்பது மட்டும்தான் அவற்றின் வேலை. சுவரில் தக்கையில் இருக்கிற அதே பொருள் பூசியிருக்கும். ஏன் இவ்வளவு பாதுகாப்பு? உள்ளே இருக்கும் யூஜினோல் என்ற வாசனைப் பொருள் வெளியே கசிந்தால் பக்கத்துக் கலங்களுக்கே கேடு. கறுவா இலையைக் கசக்கி மணந்தால் பட்டை வாசம் வராது, கராம்பு வாசம்தான் வரும், அதுவும் இந்த யூஜினோலால்தான்.

சரி, இதெல்லாம் வாசனை எண்ணெய். ஒரு தாளில் யூகலிப்டஸ் எண்ணெய் ஒரு சொட்டும் நல்லெண்ணெய் ஒரு சொட்டும் விட்டு வையுங்கள். முதலாவது பறந்துவிடும், இரண்டாவது கறையாக நிற்கும். அந்தக் கறை எண்ணெய், அதாவது கொழுப்பு, பல பூக்கும் தாவரங்களின் பச்சைக் கலங்களிலும் நுண்ணிய துளிகளாக இருக்கிறது. கலத்துக்குப் பச்சை நிறம் தருகிற பச்சையவுருமணி, கொழுப்பின் மூலக்கூறான கொழுப்பமிலத்தைத் தினமும்தான் செய்கிறது, ஆனால் பெரும்பகுதி கலத்தின் மென்சவ்வுகளைக் கட்டவே போய்விடும். கச்சான் காற்றில் இலை வாடும்போதும் முதிர்ந்து மஞ்சளாகும்போதும் அந்தச் சவ்வுகள் உடைகின்றன; அவிழ்ந்த கொழுப்பமிலம் சும்மா அலைந்தால் கலத்துக்கு ஆபத்து என்பதால் அதைத் துளிகளில் அடைத்து வைத்து, அப்புறம் மெதுவாக எரித்துவிடுகிறது இலை.

எள் வித்தில் ஏறத்தாழ பாதி எண்ணெய். சாதாரண இலையிலோ, காய்ந்த எடையில் 1 சதவீதம்கூடத் தேறாது. இலை வெளிநாட்டில் உழைக்கிற பிள்ளை மாதிரி, சம்பாதித்ததைச் சீனியாக்கி வீட்டுக்கு அனுப்பிவிடும். எண்ணெயை அப்படி அனுப்ப வழியில்லை, வித்து தனக்கு வந்த சீனியிலிருந்து தானே செய்துகொள்கிறது.

அவுஸ்திரேலியாவின் அரச ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. விஞ்ஞானிகள் புகையிலைச் செடியில் இந்த வழக்கத்தை மாற்றினார்கள். மூன்று பரம்பரையலகுகள்: ஒன்று கொழுப்பமில உற்பத்தியை முடுக்கிவிட, ஒன்று அதை எண்ணெயாக்க, மூன்றாவது எள்ளிலிருந்து எடுத்தது. என்னைக் கேட்டால் இந்த மூன்றாவதுதான் கெட்டிக்காரத்தனம். அது தருகிற ஒலியோசின் என்ற புரதம் துளியைச் சுற்றிப் படிந்து, இலை அதைத் திரும்ப எரித்துவிடாமல் தடுக்கிறது. செய்வதைவிடச் செய்ததைக் காப்பாற்றுவதுதானே பெரும்பாடு! 2014இல் இலையின் காய்ந்த எடையில் 15 சதவீதத்துக்கு மேல் எண்ணெய் என்று அறிவித்தார்கள், 2017இல் அது 30ஐத் தாண்டியது. அந்த இலைகளில் மாப்பொருள் குறைந்ததும் உண்மை, எண்ணெய் வெறும் காற்றிலிருந்து வராதே.

நியூசிலாந்தில் இதே வழியில் மாட்டுத் தீவனப் புல்லிலும் கொழுப்பைக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். தம்பலகாமத்திலிருந்து வந்திருக்கிற மாட்டுக்காரர்கள் இப்போது கேள்வி கேட்கலாம்.