70-ஆம் இடத்தில் எடி வான் ஹேலன்

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ராக் இசைக்கென்று ஒரு பட்டிமன்றம் வைத்தால் வருவோம் என்று காட்டியிருக்கும் அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்கிறேன். மாபெரும் ராக் கிட்டார் கலைஞர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு வரிசைப்படுத்துவது ரசனையை வளர்க்கிறதா, கெடுக்கிறதா? வளர்க்கிறது என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஐயா ஒரே ஒரு பெயரை வைத்து எங்கள் அணியை மடக்கப் பார்த்தார். எடி வான் ஹேலன். ரோலிங் ஸ்டோன் என்ற அமெரிக்க இசைப் பத்திரிகை 2003-ல் 100 கிட்டார் கலைஞர்களைப் பட்டியலிட்டபோது அவருக்குக் கிடைத்த இடம் 70. அதே பத்திரிகை 2011-ல் மறுபடி பட்டியல் போட்டது, 8. 2023-ல் 250 பேராக விரித்துப் போட்டது, 4. ஐயா கேட்டார்: "2003-க்கும் 2011-க்கும் நடுவில் அவர் புதிதாக ஒரு முழு ஆல்பம்கூட வெளியிடவில்லை. 2020-ல் காலமாகிவிட்டார். வாசித்த விரல் அதே விரல். எண் மட்டும் மாறுகிறது என்றால் அந்த எண்ணுக்கு என்ன மரியாதை?" அவை கைதட்டியது. நானும் கைதட்டினேன். கேட்க வேண்டிய கேள்விதான் அது.

பதிலைச் சொல்கிறேன் நடுவர் அவர்களே. விரல் மாறவில்லை. கேட்ட காது மாறியது. 2003 பட்டியலைத் தேர்ந்தெடுத்தவர் டேவிட் ஃபிரிக் என்ற ஒரே ஒரு விமர்சகர். அவர் முதல் ஐந்து இடங்களை யாருக்குக் கொடுத்தார் என்று பாருங்கள்: ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், டுவேன் ஆல்மன், பி.பி. கிங், எரிக் கிளாப்டன், ராபர்ட் ஜான்சன். கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு மரபான ப்ளூஸில் ஊறிய காது அது. பி.பி. கிங் ஒரே சுரத்தைப் பிடித்து, அதில் கமகம் மாதிரி ஓர் அசைவு கொடுத்து நிறுத்துவாரே, அந்த ஒரு சுரத்துக்கு மயங்குகிற காது. 2011-ல் அப்படி இல்லை. கிட்டார் வாசிக்கிறவர்களும் விமர்சகர்களும் சேர்ந்த ஒரு குழு வாக்களித்தது. வாத்தியத்தைக் கையில் வைத்திருக்கிறவன் ஓட்டுப் போட்டதும் வான் ஹேலன் 8-க்கு வந்தார். 70-லிருந்து 8 வரை இருக்கிற அந்த இடைவெளி நமக்கு ஒரு பெரிய செய்தியைச் சொல்கிறது: கேட்கிறவனுக்கும் வாசிக்கிறவனுக்கும் 'பெரிய கலைஞன்' என்றால் வேறு வேறு பொருள். பட்டியல் இல்லையென்றால் இந்த வேறுபாடு நம் கண்ணில் பட்டிருக்குமா?

2003 பட்டியலில் 16-ஆம் இடத்தில் இருந்தவர் ரமோன்ஸ் குழுவின் ஜானி ரமோன். வான் ஹேலனுக்கு 54 இடம் மேலே! கோபம் வருகிறதல்லவா? எனக்கும் வந்தது. வந்த கோபத்தோடு இருவரையும் அடுத்தடுத்து கேளுங்கள். வான் ஹேலன் 1978-ல் முதல் ஆல்பத்தில் வைத்த 'எரப்ஷன்' வெறும் 1 நிமிடம் 42 விநாடி. அதன் பின்பாதியில் வலக்கை விரலையும் கிட்டார் கழுத்தில் இருக்கும் ஃபிரெட்டுக்கு மேலே கொண்டுவந்து, தந்தியை மீட்டாமல் தட்டித் தட்டியே சுரங்களை அருவியாகக் கொட்டுவார். அந்த உத்தியை அவருக்கு முன்பே ஜெனிசிஸ் குழுவின் ஸ்டீவ் ஹாக்கெட் 1971-லேயே செய்திருக்கிறார். ஆனால் அதை ஒரு தலைமுறையே கற்றுக்கொள்ளத் துடிக்கிற மொழியாக மாற்றியவர் வான் ஹேலன்தான். ஜானி ரமோன் அதற்கு நேர் எதிர். தனியாக வாசித்துக் காட்டும் சோலோ என்ற பேச்சே கிடையாது. தந்தியை மீட்டும் சில்லான பிக் மேலிருந்து கீழே மட்டும்தான் இறங்கும், மேலே போகும்போது தந்தியைத் தொடாது. அசுர வேகத்தில், முழு கச்சேரியும் அப்படியே. நம்மில் கிட்டார் பிடிக்கிறவர்கள் ஒரு பாட்டு முழுக்க அப்படி அடித்துப் பாருங்கள், மணிக்கட்டு பதில் சொல்லும். அவரைக் கேட்டுவிட்டு, 'நம்மாலும் ஒரு குழு தொடங்க முடியும்' என்று கிட்டார் வாங்கிய பையன்கள் எத்தனை பேர்! 16 சரியா, 70 சரியா என்பது இருக்கட்டும். எட்ட முடியாத வித்தை பெரிதா, எல்லோருக்கும் கதவு திறந்துவிடுவது பெரிதா என்ற கேள்வியை அந்த இரண்டு எண்கள்தானே நம் முன்னால் போட்டன?

இரண்டாவதாகப் பேசிய சகோதரி, "இசை என்ன ஓட்டப் பந்தயமா? எல்லோரும் அவரவர் வழியில் பெரியவர்கள் என்று விட்டுவிடக் கூடாதா?" என்றார். கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் நடுவர் அவர்களே, எண் போடாமல் விட்டுவிட்டால் வரிசை இல்லாமல் போய்விடாது. எழுதாத வரிசை ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். 1960-களின் நடுவில் லண்டன் சுவர் ஒன்றில் யாரோ எழுதினார்கள்: கிளாப்டன்தான் கடவுள் என்று. அதுவும் பட்டியல்தான், ஒரே பெயர் கொண்ட பட்டியல். அதில் இரண்டாவது ஆள் யார், ஏன் இவர் முதல், யார் விடுபட்டார் என்று எதையும் கேட்க வழி இல்லை. சுவரில் கடவுளானவர் காகிதத்துக்கு வந்தபோது என்ன ஆனார்? 2003-ல் 4, 2011-ல் 2, 2023-ல் 35. கடவுளை மனிதனாக்கி, மற்ற மனிதர்களோடு நிறுத்தி வைத்துக் கேட்க வைத்தது எண்தான். 35 அநியாயம் என்று நினைக்கிறவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். எழுந்து வாதாடுங்கள். சுவரோடு வாதாட முடியுமா?

பத்திரிகை விற்பதற்காகத்தான் பட்டியல் போடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் வந்தது. ஆமாம், விற்பதற்கும்தான். அதனால் உள்ளே இருக்கிற வாதம் பொய்யாகிவிடாது.

இப்போது என் தரப்பின் உயிரான இடத்துக்கு வருகிறேன்.

வாக்காளர் பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டுகிறார்களே, எதற்கு? நம் பெயர் விட்டுப்போயிருந்தால் போய்க் கேட்பதற்கு. ஒட்டவே இல்லை என்றால், விட்டுப்போனது தேர்தல் அன்றுதான் தெரியும். 2003 பட்டியலில் 100 பேரில் பெண்கள் எத்தனை பேர்? இரண்டே பேர். 72-ஆம் இடத்தில் ஜோனி மிட்செல், 87-ஆம் இடத்தில் ஜோன் ஜெட். எண்ணிப் பார்க்க முடிந்தது, ஏனென்றால் எண் போட்டிருந்தார்கள். 2011-லும் இரண்டே பேர். அந்த இரண்டு பட்டியலிலும் எந்த இடத்திலும் இல்லாத ஒரு பெயரைச் சொல்கிறேன்: சிஸ்டர் ரொசெட்டா தார்ப்.

1915-ல் அமெரிக்காவின் ஆர்கன்ஸா மாநிலத்தில் காட்டன் பிளான்ட் என்ற சிற்றூரில் பிறந்த கறுப்பினப் பெண். தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். 'ராக் அண்ட் ரோல்' என்ற பெயர் ஊர் வாயில் புழங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1944-ல், மின்கிட்டாரை வைத்து அவர் பதிவு செய்த பக்திப் பாட்டில் அந்தத் துள்ளல் அப்படியே இருக்கிறது. 1947-ல் மேக்கன் நகரில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனை மேடையேற்றித் தன்னோடு பாட வைத்தார். அந்தப் பையன்தான் பின்னாளில் ராக் அண்ட் ரோல் நட்சத்திரமான லிட்டில் ரிச்சர்ட்.

1964 மே 7. மான்செஸ்டரில், ரயில் ஓடாமல் விடப்பட்ட ஒரு பழைய ரயில் நிலையம். தொலைக்காட்சிக்காக அங்கே ப்ளூஸ் கச்சேரி. இளைஞர்கள் எல்லோரும் ஒரு நடைமேடையில், கலைஞர்கள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எதிர் நடைமேடையில். மழை. குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார் தார்ப். அப்போது அவருக்கு 49 வயது. கனமான கோட்டு, அதன் மேல் வெள்ளை கிப்சன் கிட்டாரை மாட்டிக்கொள்கிறார். பாட எடுத்துக்கொண்டதும் மழையைப் பற்றிய பாட்டு. நடுவில் பாட்டை நிறுத்திவிட்டு ஒரு சோலோ வாசிப்பார். அந்தக் காட்சிப் பதிவு இன்றும் இருக்கிறது, வீட்டுக்குப் போனதும் பாருங்கள். தந்தியை இழுத்து வளைக்கிற விதம், கூர்மையான அந்தத் தொனி, கிட்டாரைப் பிடித்தபடி கூட்டத்தை அதட்டி அழைக்கிற தோரணை. ராக் மேடையில் பிறகு ஆண்கள் காட்டிய பெருமிதம் எல்லாம் அங்கே ஒரு பெண்ணிடம் இருக்கிறது.

1973-ல் அவர் இறந்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் கல்லறையில் பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை. சகோதரி சொன்னாரே, 'எல்லோரும் பெரியவர்கள் என்று விட்டுவிடலாம்' என்று. விட்டுவிட்டதால் நடந்தது இதுதான் அம்மா! 2018-ல் ராக் அண்ட் ரோல் புகழரங்கில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். 2023 பட்டியலில் அவர் 6-ஆம் இடம். பி.பி. கிங்குக்கு மேலே, டுவேன் ஆல்மனுக்கு மேலே. 6 என்ற அந்த எண்ணைப் பார்த்து, 'யார் இது, கேள்விப்பட்டதே இல்லையே' என்று தேடிப் போகிறவனுக்கு அந்த ரயில் நிலையம் கிடைக்கும். 'முன்னோடிகளில் ஒருவர்' என்று மரியாதையாக ஒரு வரி எழுதியிருந்தால் தேடுவானா? 6 என்று போட்டால்தான், 'இவரை எப்படி இங்கே வைத்தார்கள்' என்று சண்டைக்காவது போவான்.

இளைஞர்கள் முதல் பத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்று ஒரு வருத்தம் சொன்னார்கள். 2003-ன் முதல் ஐந்திலேயே ராபர்ட் ஜான்சன் இருந்தார். 1936, 37 ஆகிய இரண்டு ஆண்டுகளில் டெக்சஸில் பதிவான 29 பாட்டுகள், 27 வயதில் மரணம், அவ்வளவுதான் அவர் வாழ்க்கை. மின்கிட்டார் ஒலியை மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை, கீறல் விழுந்த அந்தப் பழைய ஒலிப்பதிவுக்குப் போய்ச் சேர்ந்தது 5 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டுதான்.

கடைசியாக, பட்டியலுக்காகப் பேசுகிறவள் தன் இடத்தையும் சொல்லியாக வேண்டும். நான் வாதாட வந்திருப்பது பிளாக் சபாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமிக்காக. 2003-ல் அவருக்கு 86, 2011-ல் 25. 2023-லும் முதல் ஐந்துக்குள் அவர் இல்லை. இதை நான் ஏற்கவில்லை.

பர்மிங்ஹாமில் தகரத் தகடு வேலை செய்யும் தொழிற்சாலை. பதினேழு வயது அயோமிக்கு அன்றுதான் அங்கே கடைசி நாள். இயந்திரம் வலக்கையின் மேல் இறங்கியது. நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. அவர் இடக்கைக்காரர், ஆகவே தந்தியை அழுத்தும் கையே அந்த வலக்கைதான். இனி வாசிக்க முடியாது என்றார்கள். தொழிற்சாலை மேற்பார்வையாளர் அவருக்கு ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். 1928-ல் தீவிபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் ஜாஸ் உலகை ஆண்ட கலைஞர் அவர். அயோமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்தார். தந்தியில் வழுக்காமல் இருக்க அதன் மேல் தோல் ஒட்டினார். தடித்த தந்தி வலித்தது, மெல்லிய தந்தி கடையில் எளிதில் கிடைக்காத காலம், பாஞ்சோ தந்தியை எடுத்து மாட்டினார். 1971-ல் தந்திகளை இன்னும் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கினார். அந்தத் தளர்ந்த, இருண்ட, கனத்த ஒலிதான் பிறகு ஹெவி மெட்டல் என்று ஒரு பெரும் வம்சமானது.

1970-ல் வந்த பிளாக் சபாத் முதல் ஆல்பத்தின் முதல் ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தச் சிறு இசைத் துணுக்கை, நினைத்துப் பாருங்கள். மூன்றே சுரம். நம் கணக்கில் சொன்னால் ஆதார சட்ஜம், மேல் சட்ஜம், அங்கிருந்து இறங்கி பிரதி மத்தியமம். அதில் போய் நடுங்கி நிற்கும். வேகம் இல்லை, வித்தை இல்லை. அறை முழுக்க அச்சம் நிறைகிறது. அந்த மூன்று சுரத்திலிருந்து பிறந்த குழுக்களை எண்ணி மாளாது.

ஆகவே லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜுக்கு 2011-லும் 2023-லும் கொடுத்த அந்த 3-ஆம் இடம் டோனி அயோமிக்கு உரியது என்று இந்த மேடையில் சொல்கிறேன். பேஜ் ப்ளூஸையும் நாட்டுப்புற இசையையும் எடுத்து மாளிகை கட்டினார், மறுக்கவில்லை. அயோமி நின்ற இடத்தில் மனையே கிடையாது. எனக்கு அடுத்து வரும் எதிரணி நண்பர் இதை மறுக்க விரும்பினால், பேஜ் ஏன் மேலே, அயோமி ஏன் கீழே என்று பாட்டைச் சொல்லி, ரிஃபைச் சொல்லி, காரணத்தோடு மறுக்கட்டும். அதைக் கேட்க நான் ஆவலாக இருக்கிறேன். நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் நன்றி, வணக்கம்.