டில்ட் டேபிள் டெஸ்ட்: முந்தின வாரமும் பிந்தின மூன்று நாளும்

[திரையில்: ஒரு கட்டில். நெஞ்சு, இடுப்பு, முழங்கால் உயரத்தில் பட்டைகள். கால்பக்கம் ஒரு மிதிபலகை.]

வணக்கம். டில்ட் டேபிள் என்பது பார்த்தால் ஸ்கேன் எடுக்கிற கட்டில் மாதிரி இருக்கும். இதில் படுக்க வைத்துப் பட்டை கட்டுவார்கள். கொஞ்ச நேரம் அமைதியாகப் படுத்திருக்க வேண்டும். அப்புறம் கட்டிலோடு சேர்த்து உங்களை 60 முதல் 70 டிகிரி வரை நிமிர்த்துவார்கள். நடக்கச் சொல்ல மாட்டார்கள், ஓடச் சொல்ல மாட்டார்கள். சும்மா நிற்க வேண்டும்.

எழுந்து நின்றாலே படபடப்பு வந்து, கண் இருட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்தச் சும்மா நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். எனக்குப் பாட்ஸ் (POTS) என்ற நோய் இருக்கிறது, எழுந்து நின்றால் நாடித்துடிப்பு எகிறுகிற நோய். இந்தச் சோதனையை இரண்டு தடவை செய்துகொண்டேன். முதல் தடவை வீணாகப் போயிற்று. இரண்டாவது தடவை சரியாக நடந்தது, ஆனால் அதற்கப்புறம் மூன்று நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. இரண்டுமே முன்கூட்டித் தெரிந்திருந்தால் சமாளித்திருக்கலாம். அதனால்தான் இந்த வீடியோ.

[திரையில்: நிற்கும் மனித உருவம். நெஞ்சிலிருந்து வயிற்றுக்கும் காலுக்கும் சிவப்பு நிறம் இறங்குகிறது.]

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடுகிறது. உடனே ரத்தக் குழாய்கள் இறுகும், இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கும், மூளைக்குப் போக வேண்டிய ரத்தம் குறையாமல் போய்ச் சேரும். நம்மைக் கேட்காமலே இதைச் செய்வது தானியங்கு நரம்பு மண்டலம். வியர்வை, செரிமானம், சிறுநீர்ப்பை எல்லாவற்றிலும் அதற்குக் கை உண்டு. பல வருடச் சர்க்கரை நோயில் இந்த நரம்புகள் பழுதாகலாம். பார்க்கின்சன் நோயிலும் ஆகலாம். கோவிட் வந்து போன பிறகு பாட்ஸ் வந்தவர்களும் நிறைய இருக்கிறார்கள்.

பாட்ஸ் என்றால், நின்ற 10 நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு படுத்திருந்ததை விட நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் ஏறி, அப்படியே நிற்கும். 12 முதல் 19 வயதுக்காரர்களுக்கு அந்தக் கணக்கு 40. பிபி பெரிதாக இறங்காது. அதற்கு மாறாக, நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் பிபி 20 அல்லது கீழ் பிபி 10 இறங்கினால் அது வேறு கோளாறு, வைத்தியமும் வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் இந்தக் கட்டில்.

பட்டை எதற்கு? மயங்கினால் விழாமல் பிடிக்க. இன்னொன்றும் இருக்கிறது. கெண்டைக்கால் தசை ஒவ்வொரு தடவை இறுகும்போதும் ரத்தத்தை மேலே தள்ளும். பேருந்து நிறுத்தத்தில் கால் மாற்றி மாற்றி நிற்கிறோமே, அந்த வேலைதான். சோதனையில் அது கூடாது, காலை அசைக்காதீர்கள் என்பார்கள். பல வருடமாக நாம் பழகி வைத்திருக்கிற தப்பிக்கும் வழிகளை ஒவ்வொன்றாக மூடிவிட்டு, உடம்பு தனியாக என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் சோதனையே.

மாத்திரை விஷயமும் அதே கதைதான். என் முதல் சோதனை கெட்டுப்போனது இங்கேதான்.

[திரையில்: மாத்திரை அட்டைகள், பக்கத்தில் ஒரு காலண்டர்.]

நான் புரோப்ரானலால் போட்டுக்கொண்டே போய்விட்டேன். அங்கே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதயத்தை நிதானப்படுத்துகிற மாத்திரை அது. நாடித்துடிப்பு 22 மட்டும் ஏறியது. நார்மல் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒரு சொல்லால் எனக்கு எட்டு மாதம் போயிற்று. மாத்திரையை முறையாக நிறுத்திவிட்டுப் போன இரண்டாவது தடவை ஏறியது 41.

ஆகவே தேதி வாங்கின அன்றே, நீங்கள் சாப்பிடுகிற எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். பிபி மாத்திரை, பிபியையும் நாடியையும் சரிக்கட்டக் கொடுக்கும் மிடோட்ரின், ஐவாபிரடின், ஃப்ளூட்ரோகார்டிசோன் மட்டும் போதாது. சளிக்குப் போடும் மாத்திரை, தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ போடும் அமிட்ரிப்டிலின், எல்லாம் வேண்டும். சில மாத்திரைகள் வியர்வையையே குறைத்துவிடும், கட்டிலோடு சேர்த்துச் செய்யும் வியர்வைச் சோதனை பொய்யாகிவிடும். ஒவ்வொரு மருந்தும் உடம்பை விட்டுப் போக ஒவ்வொரு கணக்கு. சிலதற்கு ஒரு நாள் போதும், சிலதற்குப் பல நாள் ஆகும்.

இந்த இடத்தில் தயவுசெய்து கவனியுங்கள். எதை, எப்போது நிறுத்துவது என்று நீங்களாக முடிவு செய்யக் கூடாது. இதய மாத்திரையைத் திடீரென்று விட்டால் படபடப்பு இரண்டு மடங்காகத் திரும்பி வரலாம், சிலருக்கு நெஞ்சு வலியே வரலாம். மருத்துவர் சில மருந்தை நிறுத்த வேண்டாம் என்று சொன்னால் அதற்கும் காரணம் இருக்கும். எந்த மாத்திரை, எந்தத் தேதி முதல், மறுபடி எந்த வேளையிலிருந்து, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

மாத்திரை இல்லாத அந்த நாட்கள் சோதனையை விடக் கஷ்டமாக இருக்கலாம். சமையல், வெளி வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். குளிப்பதென்றால் உட்கார்ந்து, வெதுவெதுப்பான தண்ணீரில்.

முந்தின நாளிலிருந்து காபி, டீ, சிகரெட், மது கிடையாது. எவ்வளவு மணி நேரம் என்பது இடத்துக்கு இடம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். வயிறு நிறைய சாப்பிட்டால் ரத்தம் குடல் பக்கம் போய்விடும் என்பதால் சில மணி நேரம் வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அதைக் கேட்டுச் சும்மா தலையாட்டிவிட்டு வரக் கூடாது. சாப்பிடாத காலையில் எத்தனை யூனிட் என்று அப்போதே கேளுங்கள். சர்க்கரை இறங்கினால் வரும் வியர்வையும் படபடப்பும் சோதனையையும் குழப்பும், ஆளையும் சாய்க்கும். கால் இறுக்க ஸ்டாக்கிங்ஸ் போடுகிறவர்கள் அன்று போடலாமா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

[திரையில்: ஊதுகுழாய், கைப்பிடிக் கருவி, விரலில் மாட்டிய பட்டை.]

கட்டிலோடு வேறு சில சோதனைகளும் வரும். 5 விநாடி மூச்சை இழுத்து 5 விநாடி விடச் சொல்வார்கள், நிமிடத்துக்கு 6 மூச்சு. ஒரு குழாயில் 40 மி.மீ. பாதரச அழுத்தம் வருகிற மாதிரி 15 விநாடி ஊத வேண்டும். ஒரு பிடியை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் டேவிட் யூயிங்கும் அவரோடு இருந்த மருத்துவர்களும் 1970களிலும் 80களிலும் சர்க்கரை நோயாளிகளிடம் செய்து நிலைநாட்டிய சோதனைகள் இவை. இன்றைக்கும் அதே முறைதான். வியர்வைச் சோதனையில் தோலில் லேசாகச் சுருக்கென்று இருக்கும், எரியும், கொஞ்ச நேரத்தில் போய்விடும்.

ஊதுகிற சோதனையில் ஒரு எச்சரிக்கை. சர்க்கரையால் விழித்திரையில் புது ரத்தக் குழாய்கள் முளைத்திருக்கின்றன என்று கண் மருத்துவர் சொல்லியிருந்தால், குழாயை வாயில் வைக்கும் முன் அதைச் சொல்லிவிடுங்கள். மூச்சைப் பிடித்து அழுத்தும்போது கண்ணுக்குள் ரத்தம் கசியலாம்.

சரி, கட்டில் நிமிர்ந்துவிட்டது. குமட்டுகிறது, காது அடைக்கிறது, கை சில்லென்று ஆகிறது. தாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட வேண்டும் என்று தோன்றும். நம் வீடுகளில் அப்படித்தானே வளர்த்திருக்கிறார்கள்! வேண்டாம். வருவதை வந்தபடி சொல்லுங்கள். நீங்கள் சொன்ன நிமிடத்தையும் அந்த நிமிடத்தின் பிபியையும் சேர்த்துத்தான் அவர்கள் படிப்பார்கள். மயக்கத்துக்குக் காரணம் தேடும் சோதனையில் சில சமயம் நாக்குக்கு அடியில் நைட்ரோகிளிசரின் கொடுப்பார்கள், அதனால் பிறகு தலைவலி வரலாம். மயங்கினாலும் கட்டிலைப் படுக்கையாக்கிய கொஞ்ச நேரத்தில் நினைவு திரும்பிவிடும்.

[திரையில்: வீட்டுப் படுக்கை, பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு.]

முடிந்ததும் உடனே எழுந்திருக்காதீர்கள். படுத்திருங்கள், உட்காருங்கள், காலை ஆட்டுங்கள், அப்புறம் நில்லுங்கள். ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு திரும்பலாம் என்ற எண்ணமே வேண்டாம். கூட ஒருவர் வர வேண்டும். பின்சீட்டில் சாய்ந்து வர முடிகிற வண்டியாக இருந்தால் நல்லது.

என்னை ஏமாற்றியது அன்று சாயங்காலம்தான். பரவாயில்லையே, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று துணி மடித்தேன், போனில் பேசினேன். மறுநாள் காலையில் கையைத் தூக்க முடியவில்லை. நாள்பட்ட சோர்வு நோய் இருக்கிறவர்களுக்கு உழைப்பின் பாதிப்பு பெரும்பாலும் அன்றே தெரியாது, ஒரு நாள் இரண்டு நாள் தள்ளித்தான் வந்து அடிக்கும். அதனால் நன்றாக இருந்தாலும் படுத்துவிடுங்கள். முதல் நாளே கஞ்சிக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிட்டால் வீட்டில் மற்றவர்களுக்கும் சுலபம். உப்பு போட்ட மோர், ஓஆர்எஸ், எது ஒத்துக்கொள்ளுமோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ரத்தக் கொதிப்போ, சிறுநீரகக் கோளாறோ, இதய பலவீனமோ இருந்தால் உப்பைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

நெஞ்சு வலி, விழுந்து தலையில் அடி, படுத்திருந்தும் நிற்காத மயக்கம், ஒரு பக்கம் கை கால் விளங்காமல் போவது, இதெல்லாம் சோதனைக் களைப்பு என்று வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயமே கிடையாது. உடனே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்.

அறிக்கை நார்மல் என்று வந்தால்? அன்றைய நாளில், அந்த நேரத்தில், அந்தக் கருவியில் தெரியவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். அப்போது எந்தெந்த மாத்திரை உடம்பில் இருந்தது என்று முதலில் பாருங்கள். வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 5 நிமிடம் படுத்திருந்து, எழுந்து நின்று 1, 3, 5, 10 நிமிடங்களில் பிபியும் நாடியும் எழுதி வையுங்கள். மயக்கம் வந்தால் உடனே உட்கார்ந்துவிடுங்கள். பாட்ஸ் காலை நேரத்தில்தான் அதிகம் தெரியும், அதனால் காலையில் எடுங்கள். என் இரண்டாவது சோதனைக்குத் தேதி கிடைத்ததே, நான் இரண்டு வாரம் அப்படி எழுதிய ஒரு நோட்டைக் காட்டிய பிறகுதான்.