பிரித்த கைக்கே காசு சேரட்டும்

(தூய்மைப் பணியாளர்களுக்குச் சீருடை வழங்கும் விழாவில் ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் செயல் அலுவலர் அவர்களே, வார்டு உறுப்பினர்களே, ஒலிபெருக்கி உபயம் செய்த வணிகர் சங்கப் பெரியவர்களே, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்திருக்கும் தூய்மைப் பணியாளர் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். தாய்மார்களே, இது உங்கள் விழா. முன்வரிசைக்கு வாருங்கள்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது, கல்யாண மண்டபக் குப்பையைக் குறைப்பது, பிரித்த குப்பையில் வரும் காசு யாருக்கு என்பது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். மக்கும் குப்பை தனி, மக்காதது தனி, பல்பும் பேட்டரியும் தனி என்று 2016இலேயே திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்துவிட்டன. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. எழுத்தில் குறையில்லை. தெருவில் நடப்பதைக் கேளுங்கள்.

எங்கள் தெருவில் ஓர் அம்மா. பால் கவரைக்கூடக் கழுவிக் காயவைத்துத்தான் கொடுப்பார். ஒருநாள் காலையில் விசில் சத்தம் கேட்டு இரண்டு தொட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடினார். வண்டியோடு வந்த பெண் இரண்டையும் ஒரே டிரம்மில் கவிழ்த்துவிட்டார். அம்மாவுக்கு வந்ததே கோபம்! "ஏம்மா, துணி காயப்போட இடமில்லைன்னு எங்க வீட்டுக்காரர் சண்டை போடுறார், நான் கொடியில பால் கவரைக் காயப்போட்டு வச்சிருக்கேன். நீ பாட்டுக்கு ஒண்ணாக் கொட்டுறியே?" அந்தப் பெண் சொன்னார்: "அக்கா, இன்னொரு டிரம் உடைஞ்சு போச்சு. கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். நான் எதுலதான் கொட்டுறது?" தெருவே கூடிவிட்டது. பிறகு அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். குறுக்கே ஒரு தழும்பு. யாரோ சாம்பார் சாதத்தோடு சுற்றிப் போட்ட பிளேடு கிழித்தது. அம்மா அதற்குமேல் பேசவில்லை. வீட்டிலிருந்த பழைய பெயின்ட் வாளியை எடுத்துவந்து வண்டியில் மாட்டிவிட்டார்.

ஏட்டுச் சுரைக்காய் கறியாகாமல் நின்றது அந்த ஒரு டிரம்மால்தான், ஐயா!

கல்யாண மண்டபம் பற்றி விரிவாகச் சொல்ல நேரமில்லை. பந்தியில் பாட்டில் தண்ணீருக்குப் பதில் டம்ளர் வையுங்கள் என்பதோடு விட்டுவிடுகிறேன். என் நெஞ்சில் கிடப்பது மூன்றாவது செய்திதான்.

புனேயில் குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களே உறுப்பினர்களாக உள்ள 'ஸ்வச்' கூட்டுறவு அமைப்பு 2008 முதல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வேலை செய்கிறது. வீடுகள் தரும் மாதக் கட்டணமும் அவர்களுக்கு, அட்டையும் பாட்டிலும் விற்ற காசும் அவர்களுக்கு. நனையாத அட்டை அங்கே கூலி. நம் நீலகிரியில் 2022இல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுத்தன. காசு உண்டென்றால் காட்டில் கிடக்கும் பாட்டிலும் கடைக்குத் திரும்பும்.

தலைவர் அவர்களே, நம் ஊரில் மக்காத குப்பை விற்ற பணம் முழுவதும், பிரித்த பணியாளர்களின் வங்கிக் கணக்கிலேயே மாதாமாதம் சேர வேண்டும். விற்ற எடையும் விலையும் அலுவலக வாசல் பலகையில் எழுதப்பட வேண்டும். தீர்மான வாசகத்தை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். அடுத்த மன்றக் கூட்டத்தின் முதல் பொருளாக இதை எடுத்துக்கொள்ளக் கேட்டு, இந்த மேடையிலேயே தங்களிடம் கொடுக்கிறேன். வணக்கம்.