பத்திரத்தில் உள்ள நிலமும் பத்திரத்தில் இல்லாதவர்களும்

பெரியோர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த ஒரு குடும்ப நிலத்தின் வரலாற்றை எப்படித் தேடி எழுதுவது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். "பாட்டன் முப்பாட்டன் காலத்து நிலம்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பாட்டனுக்கு அது எப்படி வந்தது, அவருக்குப் பின் எத்தனை துண்டானது, ஒவ்வொரு முறையும் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் பதில் இருப்பதில்லை. ஆனால் பதிலின் ஒரு பகுதி அதே வீட்டுப் பீரோவில், மடிப்பு மடிப்பாகக் கிழியத் தொடங்கிய முத்திரைத் தாள்களில் உறங்கிக் கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டில் குடியானவரின் பெயர் நிலத்தோடு சேர்ந்து அரசுக் கணக்கில் ஏறியதற்கு ஒவ்வொரு குடியானவரிடமிருந்தும் அரசே நேரடியாக நிலவரி வாங்கிய ரயத்துவாரி முறையே முக்கியக் காரணம். 1792இல் இன்றைய சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபின் கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய தாமஸ் மன்றோவும் அங்கே தொடங்கிய ஏற்பாடு, மன்றோ 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த காலத்தில் மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. நிலம் அளக்கப்பட்டதும், நஞ்சை புஞ்சை என்று தரம் பிரிக்கப்பட்டதும், புல எண் (சர்வே எண்) பெற்றதும் தீர்வை என்னும் அந்த நிலவரியை வசூலிப்பதற்காகவே. ஆகவே அந்தக் கணக்குகளில் தீர்வை கட்டியவர் பெயர் இருக்கும். ஏர் பிடித்தவர் பெயர் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கிணறு வெட்டிய கைகளும் நாற்று நட்ட கைகளும் அந்தத் தாள்களில் எங்கும் இல்லை என்பதை முதலிலேயே மனத்தில் நிறுத்திக் கொண்டுதான் அவற்றைப் படிக்க வேண்டும்.

இருப்பினும் கணக்குகள் சொல்வது கொஞ்சமல்ல. எந்தப் புலத்தில் எந்தப் பருவத்தில் என்ன பயிர் இருந்தது என்பது கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் என்னும் பயிர்க் கணக்கில் பசலிதோறும் பதிவாகிறது. பசலி என்னும் வருவாய்க் கணக்கு ஆண்டு ஜூலை முதல் தேதி தொடங்கி அடுத்த ஜூன் இறுதியில் முடிகிறது. பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1400 என்று பழைய அடங்கலில் கண்டால் அது 1990 ஜூலையில் தொடங்கிய ஆண்டு. சோளமும் கம்பும் நின்ற நிலத்தில் எப்போது பருத்தி வந்தது, எந்த ஆண்டு நிலம் தரிசாகக் கிடந்தது என்பவற்றை இப்படி ஆண்டு வாரியாகப் பார்க்கும்போது, குடும்பத்தில் வாய்மொழியாகச் சொல்லி வந்த பஞ்சக் கதைக்குத் தேதி கிடைத்துவிடுகிறது.

என்னைப் பொறுத்தவரை, பாகப் பிரிவினைப் பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியைப் போல ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லும் எழுத்து வேறில்லை. எங்கள் குடும்பத்துப் பத்திரத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். நான்கு எல்லைகளைச் சொல்லி, ஏக்கர் சென்ட் கணக்கைச் சொல்லி, வழக்கமாக வண்டி போய்வரும் தடத்தின் மீதான உரிமையான மாமூல் வண்டித்தடப் பாத்தியத்தைச் சொல்லி, கடைசியில் அது கிணற்றுக்கு வருகிறது. நிலத்தைக் கல் நட்டுப் பிரித்துவிடலாம். கிணற்றைப் பிரிக்க முடியாது. ஆகவே தண்ணீரை நாளால் பிரித்தார்கள். நான்கு அண்ணன் தம்பிகளுக்கு நான்கு நாளில் ஒரு நாள் முறை. ஒவ்வொருவருக்கும் இரண்டு பிள்ளைகள் என்றால் அடுத்த தலைமுறையில் எட்டு நாளில் ஒரு நாள். அதற்கடுத்த தலைமுறையில் பதினாறு நாளில் ஒரு நாள் தண்ணீரை வைத்துக் கொண்டு எந்தப் பயிரைக் காப்பாற்றுவது? அந்தக் கட்டத்தில்தான் ஒருவர் தனியாக ஆழ்துளைக் கிணறு போட்டார், இன்னொருவர் பங்கை விற்றுவிட்டு வெளியேறினார். குடும்பம் உடைந்ததற்கு மனத்தாங்கலைக் காரணம் சொல்வார்கள். அதற்கு அடியில் இந்த வகுத்தல் கணக்கு இருந்தது என்பதே நான் கண்டது.

நிலத்தைப் பிரித்த விதத்திலும் ஒரு நியாய உணர்வு இருந்தது. நல்ல மண்ணும் பொட்டலும் எல்லோருக்கும் சமமாக வர வேண்டும், எல்லோருக்கும் தடத்தில் முகப்பு வேண்டும் என்று நீளவாக்கில் பட்டை பட்டையாக வெட்டினார்கள். அந்த நியாயத்தின் விலை வரப்புகளாகவும் மாடு திரும்ப இடமில்லாத குறுகிய கீற்றுகளாகவும் நின்றது. 1970-71இல் 2.28 ஹெக்டேராக இருந்த இந்தியாவின் சராசரி நில உடைமை 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் 1.08 ஹெக்டேராகச் சுருங்கியது. தமிழ்நாட்டில் அது 0.75 ஹெக்டேர், ஏறக்குறைய 1 ஏக்கர் 85 சென்ட்.

இனி, பத்திரத்தில் இல்லாதவர்கள். எங்கள் பாகப் பத்திரத்தில் என் அத்தைகள் மூவரின் பெயரும் இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், இறந்துபோன தந்தையின் பங்கில் மகளுக்கும் இடம் தந்தது; ஆனால் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வரும் பங்கு மகன்களிடமே இருந்தது. தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் மகள்களுக்கும் அந்தப் பங்கை அளித்தது என்றாலும், அதற்கு முன்பே மணமானவர்களை அது விலக்கியது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்பதை 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவான பாகப் பிரிவினைகள் கலையாமல் நின்றன. எங்கள் பத்திரம் அவற்றுள் ஒன்று. சட்டப்படி அதில் குறையில்லை. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை என்பதை இந்த மேடையில் மறைக்காமல் சொல்கிறேன், ஏனெனில் திருமணமாகும் வரை அந்த நிலத்தில் களை எடுத்ததும், விடியற்காலையில் கமலை மாட்டுக்குத் தீவனம் வைத்ததும் அவர்களே.

1979 முதல் 1987 வரை நடந்த, யு.டி.ஆர். என்று எல்லோரும் அழைக்கும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பழைய பட்டாக்கள் புதிய எண்களோடும் ஹெக்டேர் அளவிலும் திருத்தி எழுதப்பட்டன. அப்போது விழுந்த பெயர்ப் பிழைகளைச் சரிசெய்ய இன்றும் பலர் அலைகிறார்கள். பழைய பட்டாவை எறியாமல் வைத்திருப்பவர்களுக்கு அது எத்தனை பெரிய துணை என்பது அலைந்தவர்களுக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு எங்கள் புல வரைபடத்தின் நகலை எடுத்துக் கொண்டு, மூவரில் இப்போது இருக்கும் ஒரே அத்தையின் வீட்டுக்குப் போனேன். எண்களைப் படித்துக் காட்டினேன். அவருக்கு எண்கள் புரியவில்லை. கிணற்றை மட்டும் விரலால் தொட்டுக் காட்டியதும் அங்கிருந்து தொடங்கினார். இது கிணத்துமேடு, இது ஓடைக்காடு, இது புளியமரத்துக்காடு, அந்த மூலையில் இருந்தது களம், இந்த இடத்தில் பாறை தட்டியதால் ஏர் போகாது. புளியமரம் வெட்டப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு புல எண்ணுக்குப் பக்கத்திலும் பென்சிலால் அந்தப் பெயர்களை எழுதி, கீழே அத்தையின் கையெழுத்தையும் வாங்கி, அந்தத் தாளைத் தாய்ப்பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.