கோரஸ்ல நின்ன பையனும் செஸ் சிப்பாயும்

மேடையில இருக்கற தலைமையாசிரியை அம்மா, ஊராட்சித் தலைவர் ஐயா, வெயில்னு பாக்காம வந்திருக்கற பெற்றோர் ஆசிரியர் கழகப் பொருளாளர் அண்ணன், காலையிலேயே வந்து நாற்காலி போட்ட முன்னாள் மாணவர் தம்பிங்க, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்தின கைக்குத் தனியா ஒரு கும்பிடு.

சங்கீதத்துக்கும் செஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்? மூணு விஷயம் சொல்றேன்: காத்திருக்கறது, ஞாபகம், கணக்கு. எங்க பாட்டி சொல்லும், "பாடப் பாட ராகம், மூட மூட ரோகம்"னு. அங்கருந்தே ஆரம்பிக்கறேன்.

பிரான்ஸ்ல பிலிடோர்னு ஒருத்தர், 1726ல பொறந்தவர், பரம்பரையே ராஜாவுக்கு வாசிச்ச குடும்பம். ஆறு வயசுல வெர்சாய் அரண்மனைக் கோயில்ல பாடற பசங்களோட சேத்துட்டாங்க. ராஜா பூசைக்கு வர்ற வரைக்கும் வித்வான்கள் காத்துக் கிடக்கணும், சீட்டு ஆடக்கூடாது, செஸ் ஆடலாம். நம்ம பொடியன் பக்கத்துல நின்னு பாத்துப் பாத்தே கத்துக்கிட்டான். ஒருநாள் வயசான வித்வான் ஒருத்தர் சீக்கிரமே வந்துட்டாராம், ஆட ஆளில்ல. "நான் ஆடட்டுமா"ன்னான் பையன். அவர் சிரிச்சுக்கிட்டே உக்காருன்னார். காய் நகர நகர அவர் சிரிப்பு போச்சு, மூஞ்சி சிவந்துச்சு, பையனுக்கு அடி விழுமோன்னு பயம், ஒரு கண்ணு போர்டுல ஒரு கண்ணு கதவுல, பெஞ்சு நுனிக்கு நகந்து நகந்து வந்து, கடைசிக் காயை வெச்சு "செக்மேட்"னு கத்திட்டு ஒரே ஓட்டம்!

அந்தப் பொடியன் பிலிடோர்தான் பின்னாடி ஆபரா ஆபராவா, அதாவது பாட்டாவே நடக்கற நாடகமா, எழுதினார். 1749ல, 22 வயசுல, செஸ் புஸ்தகமும் போட்டார். சிப்பாய்ங்கதான் இந்த ஆட்டத்துக்கே உயிர்னு அதுல எழுதியிருக்கார். கோரஸ்ல பத்தோட பதினொண்ணா நின்னு பாடினவனுக்குத்தான் அது தோணும்ங்கறது என் அபிப்பிராயம். பின்னாடி நிக்கறவங்க சுருதி பிசகாம இருந்தாத்தானே முன்னாடி பாடறவன் குரல் எடுபடும்?

இதை ஏன் சொல்றேன்னா, ஒன்பதாவது வந்தாலே பாட்டு பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துடறாங்க. நான் படிச்ச ஸ்கூல்லயும் அப்படித்தான், எட்டாவதோட என் பாட்டு நின்னுபோச்சு, அந்த வலி இன்னும் இருக்கு. மூட மூட ரோகம்னு பாட்டி சொன்னது இதைத்தான்.

ஞாபகம், கணக்கு பத்திப் பேச நேரமில்ல, பெல் அடிச்சாச்சு. அம்மா, வாரத்துக்கு அந்த 1 பீரியடை மட்டும் யாருக்கும் கொடுக்காதீங்க. பஸ்ஸுக்காக பசங்க வராண்டாவுல உக்காந்திருக்கற நேரத்துக்கு 4 போர்டு கொண்டு வந்திருக்கேன். ராத்திரி எண்ணிப் பாத்துட்டேன், சிப்பாய் 64ம் சரியா இருக்கு. நன்றி, வணக்கம்.